கார் முழுக்க டேம்பிங் ஷீட் ஒட்டினால் சாலை இரைச்சலும் சைலன்சர் உறுமலும் அடங்குமா?

நீங்கள் கேட்டது இது: ஏழு வருடம் ஓடிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தரையிலிருந்து ‘சோ’வென்று இரைச்சல் வருகிறது. எஞ்சின் 2,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பக்கம் போனால் காதை அடைக்கிற மாதிரி ஓர் உறுமல். சில மாதங்களாக அது கூடியும் இருக்கிறது. கதவு, தரை, கூரை, டிக்கி என்று கார் முழுக்க டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் விரிப்பு) ஒட்டினால் இரண்டும் போய்விடும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். ஒட்டலாமா? இதில் இருப்பது இரண்டு வேறு சத்தங்கள். பிறக்கும் இடமும் வேறு, உள்ளே வரும் வழியும் வேறு. ஷீட் ஒட்டினால் சாலை இரைச்சல் ஓரளவு குறையும். உறுமல் குறையாது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘சில மாதங்களாகக் கூடியிருக்கிறது’ என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைப் பார்க்காமல் ஷீட் ஒட்டவே கூடாது.

கார் தயாரிப்புத் துறையில் ஒலி, அதிர்வுச் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் காரை நான் பார்க்கவில்லை என்பதால் ‘இன்ன பாகம்தான் போய்விட்டது’ என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் எதை எந்த வரிசையில் சோதிப்பது, எதற்குக் காசு செலவழித்தால் பலன் தெரியும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் எக்ஸாஸ்ட், அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாயும் சைலன்சரும். பழைய காரில் திடீரென்றோ சில மாதங்களிலோ சைலன்சர் சத்தம் கூடினால், எங்கோ கசிவு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஓடும் ஹேட்ச்பேக்கின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். அதனால் வண்டிக்கு அடியில் கசியும் புகை டிக்கிக் கதவின் பீடிங் (ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டை) இடுக்கு, தரையில் ரப்பர் மூடி விழுந்துபோன துளை வழியாக உள்ளே இழுபடலாம். இந்த நிலையில் காருக்குள் ஷீட் ஒட்டினால், கசிவைக் காட்டிக்கொடுக்கும் சத்தத்தை மறைத்த மாதிரிதான் ஆகும். நீண்ட பயணத்தில் உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

சோதிப்பது பெரிய வேலை இல்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் முன்னாலிருந்து பின்வரை காது கொடுத்துக் கேட்க வேண்டும். கசிவு இருந்தால் ‘உஸ்’ஸென்று கேட்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் குழாய் இணைப்புகளில் கருப்புக் கரி படிந்திருப்பதும் தெரியும். முன்பக்கம் இருக்கும் நெளிவுக்குழாய், கேஸ்கெட், வெல்டிங் மூட்டுகள், சைலன்சர் டப்பாவின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் பிறக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் போய்வருகிற காரில் சைலன்சர் முழுதாகச் சூடாவதில்லை. நீர் உள்ளேயே தங்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் உள்ளே தடுப்புத் தகடுகள் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கலாம். சைலன்சரைக் கையால் தட்டும்போது உள்ளே எதுவோ கடகடவென்று ஆடினால் மாற்றிவிடுவது நல்லது.

கசிவே இல்லாமலும் உறுமல் வரும். எக்ஸாஸ்ட் குழாயைத் தாங்கும் ஹேங்கர் ரப்பர்கள் நாளாவட்டத்தில் இறுகிவிடும் அல்லது அறுந்துவிடும். அப்போது குழாயின் அதிர்வு நேராக பாடிக்குப் போகிறது. எஞ்சினைத் தாங்கும் ரப்பரான மவுண்டிங்கும் அப்படித்தான். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பிலேயே முன்னும் பின்னும் ஆடுகிற குணம் உண்டு. அந்த ஆட்டத்தை விழுங்குவதே மவுண்டிங்கின் வேலை. ஏழு வருட ரப்பர் உட்கார்ந்து போயிருந்தால் உறுமல் கூடுவதோடு நிற்காது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் நடுங்கும். உங்கள் காரில் அந்த நடுக்கம் இருந்தால் மவுண்டிங்கை முதலில் சந்தேகப்படுங்கள். ஹேங்கர் ரப்பர் மலிவான பொருள். அதை மாற்றியே பாதிப் பிரச்சினை தீர்ந்த கார்களைப் பார்த்திருக்கிறேன்.

ஷீட் ஏன் உறுமலை அடக்காது? மூன்று சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 2,800 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 70 வெடிப்பு, அதாவது 70 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 5 மீட்டர். உங்கள் கார் மாதிரியான ஹேட்ச்பேக்கில் டேஷ்போர்டிலிருந்து டிக்கிக் கதவு வரை சுமார் 2.4 மீட்டர் இருக்கும். அதாவது பாதி அலைநீளம். காருக்குள் இருக்கும் காற்று அந்த அதிர்வெண்ணில் தானாகவே ஒத்ததிர்கிறது. அதனால்தான் 2,500-ல் அமைதியாக இருப்பது 2,800-ல் காதை அடைக்கிறது, 3,100-ல் மறுபடி குறைகிறது. இது உங்கள் காரிலும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, உறுமல் வரும் வேகத்தில் பக்கத்தில் இருப்பவரைத் தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒத்ததிர்வில் ஒலி இரு முனைகளிலும் பலமாகவும் நடுவில் பலவீனமாகவும் இருக்கும். வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் ஷீட்டோ, ஒரு அங்குல ஃபோமோ 5 மீட்டர் அலையை ஒன்றும் செய்ய முடியாது. ஒலியை உறிஞ்சும் பொருள் நன்றாக வேலை செய்ய அதன் தடிமன் அலைநீளத்தில் கால்பங்கு அளவுக்காவது நெருங்க வேண்டும். இங்கே அது ஒரு மீட்டருக்கு மேல். ஆகவே உறுமலை அது பிறக்கிற இடத்தில்தான் அடக்க வேண்டும்: நல்ல சைலன்சர், நல்ல ரப்பர், பாடியில் எங்கும் உரசாத குழாய். ‘ஸ்போர்ட்ஸ்’ சைலன்சர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு கம்பெனி சைலன்சரைப் போடுவதுதான் தீர்வு.

அடுத்து, எந்தச் சத்தம் பெரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். டெசிபல் கணக்கு நாம் சாதாரணமாகக் கூட்டும் கணக்கு அல்ல. 70 டெசிபல் சத்தமும் 60 டெசிபல் சத்தமும் சேர்ந்தால் 70.4 டெசிபல்தான். அந்த 60-ஐ முழுவதுமாக ஒழித்தாலும் 0.4 டெசிபல்தான் குறையும். யார் காதுக்கும் அது தெரியாது. சின்னச் சத்தத்தின் மேல் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு ‘ஒரு மாற்றமும் இல்லையே’ என்று வருத்தப்படுகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். அதனால் கார் நிற்கும்போது, ஏசி புளோயரை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு 2,800-ல் பிடியுங்கள். அப்போது கேட்பதெல்லாம் எஞ்சினும் எக்ஸாஸ்டும்தான். பிறகு அதே ஆர்பிஎம்மை ஓடும்போது வெவ்வேறு கியரில், வெவ்வேறு வேகத்தில் கொண்டுவாருங்கள். ஆர்பிஎம்மோடு மாறுவது எஞ்சின் பக்கம், வேகத்தோடு மாறுவது டயர் அல்லது காற்று. தார் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது குணமே மாறினால் அது டயர். சாலை எதுவானாலும் மாறாமல் ‘ஊ’வென்று வந்து, லேசாக இடமோ வலமோ வளையும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பேரிங் சத்தத்தை ஷீட்டால் மூடுவது ஆபத்து.

காற்றுச் சத்தத்துக்கு எங்கள் துறையில் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓட்டுநர் கதவைத் தவிர மற்றக் கதவுகளின் வெளி இடுக்குகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது. டேப் ஒட்டியதும் சத்தம் குறைந்தால் குற்றவாளி பீடிங். கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தாலும் எங்கே பிடிப்பில்லை என்று தெரியும். ஒரு தடுப்புச் சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தச் சுவரால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே கிழிந்த பீடிங்கை மாற்றாமல் கதவில் ஷீட் ஒட்டுவது பயனற்ற வேலை.

இப்போது டயர். ‘சோ’வென்ற இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேயாவிட்டாலும் வருடம் ஆக ஆக ரப்பர் இறுகும், சத்தம் கூடும். பட்டன்மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பம்போல் தடுத்தால் தேய்மானம் சீராக இல்லை. அலைன்மென்ட் பார்க்காமல், டயர்களை இடம் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் இது சகஜம். அப்படிப்பட்ட டயர் எழுப்பும் சத்தத்தை எந்த ஷீட்டும் ஈடுகட்டாது. ஏழு வருடமாக அதே டயர் என்றால் ஷீட்டுக்கு ஒதுக்கிய பணத்தை டயரில் போடுங்கள். பாதுகாப்புக்காகவும் அதைத்தான் சொல்வேன். கம்பெனி கொடுத்த அளவையே வாங்குங்கள். பெரிய அலாய் வீலும் பட்டையான டயரும் பார்வைக்கு நன்றாக இருக்கும், சத்தம் கூடும். ஐரோப்பிய டயர் லேபிளில் டெசிபல் எண் ஒன்று இருக்கும். அது சாலையோரம் நிற்பவருக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு; காருக்குள் எவ்வளவு என்பதை அதிலிருந்து நேராகக் கணிக்க முடியாது. டயருக்குள் இருக்கும் காற்றுக்கூடும் 200 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிரும். பள்ளத்தில் விழும்போது ‘டொய்ங்’ என்று கேட்பது அதுதான். கான்டினென்டல், மிஷெலின், பிரெல்லி போன்றவை உள்ளே ஃபோம் ஒட்டிய டயர்கள் விற்பது இதற்காகத்தான். ஆனால் அவை பெரும்பாலும் பெரிய கார்களின் அளவுகளில்தான் கிடைக்கின்றன.

இவ்வளவும் முடித்த பிறகு ஷீட்டுக்கு வரலாம். நம் கடைகளில் ஷீட் என்று விற்பது பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தகடு ஒட்டியது. அது சத்தத்தைத் தடுக்கும் சுவர் அல்ல. மெல்லிய இரும்புத் தகட்டின் அதிர்வை அடக்கும் பொருள். தட்டிய பித்தளைத் தாம்பாளத்தின் மேல் கை வைத்தால் ஓசை சட்டென்று நிற்குமே, அதே வேலை. இரும்பு வளையும்போது இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மாட்டிய ரப்பர் இழுபட்டு, அதிர்வின் சக்தி வெப்பமாகிறது. இதன் கணக்கை எட்வர்ட் கெர்வின் என்ற ஒலியியல் ஆய்வாளர் 1959-லேயே எழுதிவிட்டார். இதில் மேலே இருக்கும் அலுமினியத்துக்கும் முக்கியமான பங்கு உண்டு. காகிதம்போல் மெல்லிய ஃபாயில் ஒட்டிய மலிவுச் சரக்கில் பாதி பலன் போய்விடும். அதிர்வது தகட்டின் நடுப்பகுதி என்பதால், அங்கே கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு பரப்பை மூடினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். அதன் பிறகு ஒட்டும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டுங்கள், ‘தொப்’ என்றால் விட்டுவிடுங்கள். மடிப்பும் வளைவும் உள்ள இடங்கள் ஏற்கெனவே விறைப்பாக இருக்கும். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு 3 முதல் 3.5 கிலோ வரை இருக்கும். பத்து சதுர மீட்டர் ஒட்டினால் முப்பது கிலோவுக்கு மேல். சின்ன எஞ்சினுக்கு அது வேண்டாத சுமை. முழுக்க ஒட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதற்கு ஒலியியலில் காரணம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

கனமான வினைல் விரிப்பு ஒன்றும் விற்கிறார்கள், சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில். இதுதான் உண்மையான தடுப்பு. அடியில் ஃபோம் வைத்து, மேலே இதைத் தொடர்ச்சியாக, இடைவெளி இல்லாமல் விரிக்க வேண்டும். ஆனால் தரைத் தகடு, 6 மில்லிமீட்டர் ஃபோம், வினைல் என்ற இந்த அடுக்கு 400, 500 ஹெர்ட்ஸை ஒட்டி தானே ஒத்ததிரும். அதற்குக் கீழே பலன் அநேகமாக இல்லை, சில இடங்களில் கொஞ்சம் மோசமாகவும் ஆகலாம். அதற்கு மேலே, டயர் பட்டன் சாலையில் அடிக்கும் 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்துக்கு நல்ல பலன் உண்டு. இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டை எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் காருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சொல்வது இதைத்தான். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் கேபினும் ஒரே அறை. ஸ்டெப்னி வைக்கும் குழியும் பின் வீல் ஆர்ச்சுகளும் (சக்கரத்துக்கு மேல் வளைந்த தகடு) கேபினுக்குள்ளேயே இருக்கின்றன என்று அர்த்தம். பின்சீட்டு மெத்தையையும் பக்கவாட்டு பிளாஸ்டிக்கையும் கழற்றி, அந்த இடங்களில் மட்டும் ஷீட் ஒட்டி, வீல் ஆர்ச் மேலும் பக்கக் குழிகளிலும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பை வையுங்கள். சணல் ஃபெல்ட் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். டிக்கியை மூடும் பார்சல் டிரே இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டில் வீல் ஆர்ச்சுக்குள் ஃபெல்ட் லைனரோ, பானெட்டுக்கு அடியில் விரிப்போ வருகிறதா என்று ஸ்பேர் கடையில் கேளுங்கள். பல மாடல்களில் அவை அப்படியே பொருந்தும், ஒட்டுவேலையும் இல்லை.

கதவில் ஒட்டினால் கதவு மூடும் ஓசை கனமாகும், ஸ்பீக்கர் சத்தம் தெளிவாகும். சாலை இரைச்சலில் அதன் பங்கு சிறியது. ஒட்டுவதானால் கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூடவே கூடாது. மூடினால் ஓரிரு மழைக்காலத்தில் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகை விரிக்கும் உணரி, கதவுக்குள் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தை வைத்தே மோதலை அறிகிறது. அப்படிப்பட்ட கார் என்றால் கதவின் உள் திறப்புகளை அடைப்பது சரியா என்பதைச் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் தொடக் கூடாது. முன் இருக்கைகளுக்கு அடியில் மஞ்சள் நிற ஏர்பேக் இணைப்பு இருந்தால் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே கை வைக்க வேண்டும். பின் பம்பருக்குள் ரப்பர் மடல் வைத்த காற்றுப்போக்கிகள் இருக்கும். சத்தம் வருகிறதே என்று அவற்றை அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் கதவு மூட அடம்பிடிக்கும், ஏசிக் காற்று குறையும், மழையில் கண்ணாடி பனிக்கும். கூரையில் ஒட்டினால் மழைச் சத்தம் உண்மையிலேயே குறையும். ஆனால் கூரை ஓரத்திலிருந்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் ஓர விளிம்புகளைத் தொடும் இந்த வேலையைப் பழக்கமில்லாத கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தார் கலந்த ஷீட்டைத் தவிருங்கள். கம்பெனியில் தரையில் போடும் தார் ஷீட் பெயின்ட் அடுப்பின் சூட்டில் உருகிப் பிடித்தது. கடையில் ஒட்டுவது அப்படி அல்ல. நம் ஊர் வெயிலில் இளகி வடியும், நாறும். ஒரு துண்டை வாங்கி மதிய வெயிலில் நிற்கும் கார் பானெட்டில் ஒரு பழைய தகட்டின் மேல் ஒட்டிவையுங்கள். மாலையில் எண்ணெய் கசிந்தோ நழுவியோ இருந்தால் அது வேண்டாம். எதுவானாலும் காருக்கு வெளியே, எக்ஸாஸ்ட் குழாய் போகும் பக்கம் ஒட்டவே கூடாது, தீப்பிடிக்கும்.

கடைசியாக, எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது. டயரையும் எக்ஸாஸ்டையும் சரிசெய்த பிறகு, டிக்கிப் பக்கம் ஒழுங்காக ஒட்டினால் ஓரிரு டெசிபல், அதிகம் போனால் மூன்று. காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். எனவே உயர்ரக கார் மாதிரி ஆகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். மாற்றம் பெரும்பாலும் சத்தத்தின் குணத்தில் தெரியும். கரகரப்பு போய், நீண்ட பயணத்தில் களைப்பு குறையும். செல்போன் ஆப்பில் அளந்தால் அதே சாலை, அதே வேகம், அதே கியர், போனை வைத்த இடமும் அதே என்று முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அந்த ஆப்கள் வழக்கமாகக் காட்டும் ‘ஏ’ அளவுகோல் 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் கழித்துவிடும். ஆகவே உறுமல் பாதியாகக் குறைந்தாலும் ஆப்பில் எண் அசையாமல் இருக்கலாம். உறுமலுக்கு உங்கள் காதையும், அதே 2,800 ஆர்பிஎம்மில் பின்சீட்டில் உட்காருபவரின் காதையும் நம்புங்கள். ஒட்டும் வேலையைக் கடையில் கொடுத்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள்: தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்களா, ரோலரால் அழுத்திக் காற்றுக் கொப்புளத்தை எடுக்கிறார்களா, கழற்றிய கிளிப்புகளை எல்லாம் திரும்ப மாட்டுகிறார்களா என்று. வண்டியை எடுக்கும் முன் கதவுக் கண்ணாடிகள் மேல் குழாய்த் தண்ணீரை விட்டு, அடித்துளைகள் வழியாக அது வெளியே வருவதையும் பாருங்கள்.